அண்ணாந்து பாருங்கள், மேலே ஒரே ரகளை!

ரயில்வே நடைமேடையோ, ஊர்க்கோடி நெல் கோடவுனோ, மண்டபத்துக்குப் பின்னால் பந்தி போடுகிற தகரக் கொட்டகையோ, இரும்புக் கூரை போட்ட எந்த இடத்தில் நின்றாலும் சரி, கைபேசியைப் பையில் போட்டுவிட்டு ஒரு நிமிடம் அண்ணாந்து பாருங்கள். முக்கோணம் முக்கோணமாக ஆங்கிள்களைக் கோத்து வைத்திருப்பார்கள். எல்லாம் பெயின்ட் அடித்துக்கொண்டு பரம சாதுவாகப் படுத்திருப்பதாகத் தோன்றும். நம்பாதீர்கள்! சிலரை இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கிறார்கள். ஒட்டி நிற்கிற மற்றவர்களை இரண்டு பக்கமும் நெருக்குகிறார்கள். யார் இழுபடுகிறார், யார் நெரிபடுகிறார் என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்து, ஆளுக்கேற்ற உடம்பு கொடுத்து அனுப்புகிற மேசையில்தான் என் பிழைப்பு. உள்ளே வாருங்கள், திரையை விலக்கிக் காட்டுகிறேன்.

டிரஸ் என்கிற அந்த முக்கோணக் கூட்டத்தில் யாரும் வளைந்து சுமக்க வேண்டியதில்லை. பாரம் மூட்டுகளில் இறங்கினால் ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டே தலைவிதிதான்: இழுபடு, இல்லையென்றால் அமுங்கு. தகரத்தின் எடையும், ரிப்பேருக்கு ஏறுகிற ஆளின் எடையும் கீழே தள்ளும்போது மேல் விளிம்பு அமுங்கும், கீழ் விளிம்பு இழுபடும். இதை யாரும் ஊகித்துவிடலாம். நடுவில் குறுக்கே ஓடுகிற குச்சிகளில்தான் வேடிக்கை இருக்கிறது. சாய்வுக் குச்சியை எந்தப் பக்கம் சாய்க்கிறோம் என்பதை மாற்றினால் போதும், ஆள் கட்சி மாறிவிடுவார்! அமெரிக்காவில் வில்லியம் ஹவ் 1840-இல் காப்புரிமை வாங்கிய டிரஸ்ஸில் சாய்வுகள் அமுங்கும், செங்குத்துகள் இழுபடும். 1844-இல் பிராட் என்ற அப்பாவும் பிள்ளையும் வாங்கிய டிரஸ்ஸில் அப்படியே தலைகீழ். சாய்வுக்கு நீளம் அதிகம், செங்குத்து குட்டை. நீளமானவனை இழுக்க விடு, குட்டையானவனை நெரிபட விடு என்பது பிராட் குடும்பத்தின் ஏற்பாடு. எஃகில் வேலை செய்கிறவர்கள் ஏன் அந்தக் குடும்பத்துக்கே ஓட்டுப் போடுகிறோம் என்பது இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும்.

இப்போது நம் கதாநாயகனை மேசையில் வைப்போம். எழுபத்தஞ்சு, எழுபத்தஞ்சு, ஆறு! அதாவது 75 மில்லிமீட்டர் கால்கள் இரண்டு, 6 மில்லிமீட்டர் தடிமன், எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கிற சாதாரண ஆங்கிள். மீட்டருக்கு 6.8 கிலோ. இரண்டரை மீட்டர் துண்டை ஒரு பையன் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவான், மொத்தமே 17 கிலோதான். இந்தப் பதினேழு கிலோ ஆசாமியை இழுத்துப் பார்ப்போமா?

குறுக்கே வெட்டிப் பார்த்தால் 866 சதுர மில்லிமீட்டர் எஃகு இருக்கிறது. சாதாரண எஃகு சதுர மில்லிமீட்டருக்கு 250 நியூட்டன் வரை நிரந்தரமாக நீண்டு போகாமல் தாங்கும். பாதுகாப்புக்காக இந்தியத் தரநூல் ஐ.எஸ். 800 சொல்வதுபோல் 1.1 ஆல் வகுத்தால் சுமார் 197 கிலோநியூட்டன். உங்களுக்கும் எனக்கும் புரிகிற கணக்கில் 20 டன்! பதினேழு கிலோ இரும்புத் துண்டில் 20 டன்னைத் தொங்கவிடலாம் என்று காகிதம் சொல்கிறது. எத்தனை வருடம் இதே மேசையில் உட்கார்ந்தாலும் இந்த விகிதம் எனக்கு அலுப்பதில்லை.

ஆனால் அவசரப்பட்டுக் கை தட்டாதீர்கள். ஆங்கிள் அந்தரத்தில் நிற்காது, அதை எங்கேயாவது மாட்ட வேண்டும். மாட்டுவதற்கு கஸெட் பிளேட், பிளேட்டோடு சேர்க்க போல்ட், போல்ட் நுழைய ஓட்டை. ஓட்டை போட்ட நிமிடமே கதை மாறிவிடுகிறது. 16 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 18 மில்லிமீட்டர் ஓட்டை. அந்த இடத்தில் எஃகு குறைந்துபோய்விட்டது. போதாக்குறைக்கு, ஆங்கிளின் ஒரு காலைத்தான் பிளேட்டோடு பிடித்திருக்கிறோம். இன்னொரு கால் வெறுமனே வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. விசை அந்தக் காலுக்குள் போய்ச் சேர்வதற்குள் ஆங்கிளே கொஞ்ச தூரம் தாண்டிவிடும், அதுவரை அவன் சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்யாதவன்தான். இதையெல்லாம் கழித்து, நான்கு போல்ட் போட்டுக் கணக்குப் பார்த்தால் 192 கிலோநியூட்டன் தேறும். பெரிய சேதாரமில்லை.

மூன்றாவதாக ஒரு சாவு இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்! ஓட்டைகளின் வரிசையோடு ஒரு கிழிசல் ஓடி, கடைசி ஓட்டையிலிருந்து பக்கவாட்டில் திரும்பி, ஓரத்தை நோக்கி வெளியேறிவிடும். துளைவரிசையோடு தபால்தலையைக் கிழிப்பதுபோல் ஒரு துண்டு எஃகு மொத்தமாகப் பெயர்ந்து வந்துவிடும், போல்ட்டுகள் அதில் பத்திரமாக இருக்க! பிளாக் ஷியர் என்பார்கள். போல்ட்டுக்கு போல்ட் 50 மில்லிமீட்டர், நுனியில் 30 மில்லிமீட்டர் என்று வைத்து இதற்கும் கணக்குப் போட்டால் 167 கிலோநியூட்டன்தான் வருகிறது. மூன்றில் எது சிறியதோ அதுதான் நம் ஆளின் மதிப்பு. ஆக 20 டன் என்று ஆரம்பித்தவர் 17 டன்னில் வந்து நின்றார்.

கவனித்தீர்களா, இந்த மூன்று டன் போனதற்கும் ஆங்கிளின் நடுப்பகுதிக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டரை மீட்டர் நீளத்தில் நடுவில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நுனியில் அரை முழம்கூட இல்லாத இடத்தில்தான் எல்லாத் தகராறும். இழுபடுகிறவனின் உயிர் மூட்டில் இருக்கிறது. ஆங்கிள் 2 மீட்டரா, 5 மீட்டரா என்று இந்தக் கணக்கு கேட்பதே இல்லை.

இதை ஃபேப்ரிகேஷன் யார்டில் புரியவைப்பது தனிக் கலை. கிரைண்டர் சத்தத்துக்கு நடுவே டிராயிங்கைப் பிடித்துக்கொண்டு மேஸ்திரி வருவார்.

"தம்பி, இதுக்கு எதுக்கு நாலு போல்ட்டு? மூணு போட்டா பிளேட்டும் சின்னதாயிடும், பசங்களுக்கும் வேலை மிச்சம்."

"அண்ணே, ஒண்ணு எடுத்தீங்கன்னா பதினேழு டன் பதிமூணு டன் ஆயிடும்."

"ஒத்த போல்ட்டுக்கு நாலு டன்னா?"

"போல்ட்டு மட்டும் இல்லண்ணே, போல்ட்டுக்கு நடுவுல இருக்கிற இரும்பும் சேர்ந்துதான் பிடிக்குது. வரிசை நீளமா இருந்தாத்தான் கிழியாது."

டிராயிங்கை இன்னொரு முறை பார்ப்பார். "அப்ப நாலே இருக்கட்டும்" என்று போய்விடுவார். கிழிகிற விஷயத்தில் மேஸ்திரிகளுக்கு விளக்கம் அதிகம் தேவைப்படாது, கையால் இரும்பை அறிந்தவர்கள்.

சரி, அதே ஆங்கிள், அதே இரண்டரை மீட்டர், அதே நான்கு போல்ட். இப்போது இழுக்காமல் அமுக்குவோம். எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? 15? 12? ஐந்து டன்! வெறும் 49 கிலோநியூட்டன்! பதினேழு டன் இழுத்த பயில்வான் ஐந்து டன்னில் படுத்துவிட்டார்!

ஏன் என்று பார்க்க வீட்டில் இருக்கிற ஒரு அடி பிளாஸ்டிக் ஸ்கேலை எடுங்கள். ஒரு முனையை மேசையில் நிறுத்தி மறுமுனையை உள்ளங்கையால் அழுத்துங்கள். நசுங்கவில்லை, உடையவில்லை, திடீரென்று பக்கவாட்டில் வளைந்து வழுக்கி ஓடுகிறது இல்லையா? அதுதான் பக்கிளிங். லியோன்ஹார்ட் ஆய்லர் 1744-லேயே இதற்கு ஒரு சூத்திரம் எழுதிவிட்டார். கட்டடமெல்லாம் கல்லும் மரமுமாக இருந்த காலம் அது. மெலிந்த இரும்புத் தூண்கள் வந்து அந்தச் சூத்திரத்துக்கு நிஜமாக வேலை கொடுக்க நூறு வருடத்துக்கு மேல் ஆனது. நீளம் இரண்டு மடங்கானால் தாங்கும் சுமை நான்கில் ஒன்றாகிவிடும் என்கிறது சூத்திரம் (பிராட் குடும்பம் நீளமானவனை நெரிபட விடாதது இதனால்தான்). அதைவிட ஆச்சரியம், எஃகு எவ்வளவு பலமானது என்று அதில் எங்கேயும் கேட்கவே இல்லை! விறைப்பை மட்டும்தான் கேட்கிறது. விறைப்பில் மலிவான எஃகும் விலையுயர்ந்த எஃகும் ஒரே ஜாதி.

இங்கேதான் கட்டுகிறவர்கள் வழுக்கி விழுகிறார்கள். "செலவைப் பத்திக் கவலைப்படாதீங்க சார், உசத்தி ஸ்டீலாவே போட்டுடலாம்" என்பார் கொட்டகைக்காரர், பெருந்தன்மையோடு. 250-க்குப் பதில் 350 எஃகு போட்டால் பலம் 40 சதவீதம் கூடுகிறது, வாஸ்தவம். ஆனால் நம் நெரிபடுகிற ஆங்கிளில் ஐந்து டன் ஐந்தரை டன் ஆகும், அவ்வளவுதான். அதே நேரத்தில் ஆங்கிளின் நடுவில் ஒரு சின்னக் குச்சியைக் கட்டி, அது பக்கவாட்டில் ஓடாமல் பிடித்தால்? ஒன்பது டன்! ஸ்கேலிலும் செய்து பாருங்கள். அழுத்தும்போது பக்கத்தில் இருப்பவரை இரண்டு விரலால் ஸ்கேலின் நடுவை லேசாகப் பிடிக்கச் சொல்லுங்கள். உள்ளங்கை வலிக்கிற அளவு அழுத்தினாலும் நிற்கும், பிடித்தவருக்கு ஒன்றும் வலிக்காது. பக்கவாட்டில் பிடிப்பதற்கு அவ்வளவு குறைந்த விசை போதும். இந்தத் தொழிலில் இதைவிட மலிவான மாயவித்தை எனக்குத் தெரியாது.

இன்னொரு ரகசியமும் சொல்லிவிடுகிறேன். ஆய்லரின் தூண் நூல் பிடித்த நேர்கோடு. உலகத்தில் எந்த ஆங்கிளும் நேராக இல்லை! உருட்டாலையிலிருந்து சிவக்கச் சிவக்க வெளியே வரும்போது நுனிகள் முதலில் ஆறும், தடித்த இடம் பின்னால் ஆறும். கடைசியில் ஆறுகிறவன் சுருங்கும்போது ஏற்கெனவே ஆறிப்போனவனையும் சேர்த்து இழுப்பான். ஆகவே யாரும் தொடாமல் கிடங்கில் கிடக்கிற ஆங்கிளுக்குள்ளேயே ஒரு சண்டை பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அயர்ட்டன், பெர்ரி என்ற இருவர் 1886-லும், ராபர்ட்சன் 1925-லும் இந்தக் கோணலைக் கணக்குக்குள் கொண்டுவந்தார்கள். அவர்கள் வழியில்தான் ஐ.எஸ். 800 நான்கு வளைகோடுகளை வைத்திருக்கிறது. சூடாக உருட்டிய குழாய்க்கு நல்ல கோடு. நம் ஆங்கிளுக்கு மூன்றாவது கோடு, நடத்தைச் சான்றிதழில் 'சுமார்' என்று எழுதின மாதிரி.

சுமாராக இருப்பதற்குக் காரணம் அதன் உடம்புவாகு. ஆங்கிளுக்கு எந்தத் திசையில் வளைவது சுலபம் என்று அதற்கே தெரியும். காலோடு சேர்ந்து வளையாது, மூலைவாட்டில் வளையும். அந்தத் திசையில் அதன் எஃகு எல்லாம் நடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே கூடிக்கிடக்கிறது. அதே எடை எஃகை எடுத்து, நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் தள்ளி வைத்தால் என்ன? குழாய்! 88.9 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், இதுவும் மீட்டருக்கு 6.8 கிலோதான். அதே பலமுள்ள எஃகு, அதே இரண்டரை மீட்டர். நெரித்துப் பார்த்தால் 126 கிலோநியூட்டன், ஏறக்குறைய 13 டன்! ஐந்து எங்கே, பதின்மூன்று எங்கே! இழுவையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். (அப்படியென்றால் எல்லாவற்றையும் குழாயிலேயே போடலாமே என்று கேட்காதீர்கள். குழாயின் நுனியை இன்னொரு குழாயின் முதுகில் பொருந்துகிற மாதிரி வளைத்து வெட்டி வெல்டிங் வைக்கச் சொல்லிப் பாருங்கள், மேஸ்திரி உங்களைப் பார்க்கிற பார்வையே வேறாக இருக்கும்.)

இந்த ஒரு விஷயத்தைக் கண்ணாலேயே படிக்க வேண்டுமென்றால் ஸ்காட்லாந்துக்குப் போக வேண்டும். எடின்பரோவுக்குப் பக்கத்தில் ஃபோர்த் கடல்வாயின் மேல் நிற்கிற ரயில் பாலம், 1890 மார்ச் 4 அன்று திறந்தது. ஜான் ஃபௌலரும் பெஞ்சமின் பேக்கரும் வடிவமைத்தது. புகைப்படத்தை எடுத்துப் பாருங்கள். சில உறுப்புகள் கொழுத்த குழாய்கள், தூணருகே 12 அடி விட்டம்! உள்ளே நான்கு பேர் தாராளமாக நடந்து போகலாம். மற்றவை சல்லடையாகப் பின்னிய பெட்டிகள். குழாய் எல்லாம் நெரிபடுகிறவை, சல்லடை எல்லாம் இழுபடுகிறவை! கணக்கே தெரியாத ஒருவர் கரையில் நின்று விரல் நீட்டி, இது இழுவை, அது அமுக்கம் என்று சொல்லிக்கொண்டே போகலாம். பாலம் தன் கணக்கு நோட்டை வெளியே விரித்து வைத்திருக்கிறது. இப்படி ஒளிவுமறைவில்லாத கட்டுமானத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

1887-இல் பேக்கர் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பேசப்போனபோது இதை விளக்கக் காட்டிய படம் இன்னும் பிரமாதம். இரண்டு பேர் நாற்காலியில் உட்கார்ந்து கைகளை நீட்டியிருக்கிறார்கள். கைப்பிடியிலிருந்து நாற்காலிக்குக் கட்டைகள் முட்டுக் கொடுத்திருக்கின்றன. வெளிப்பக்கக் கைகளில் எடைக்குச் செங்கல் தொங்குகிறது. நடுவில் ஒரு பலகையில் மூன்றாமவர் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார். கைகள் இழுபடுகின்றன, கட்டைகள் அமுங்குகின்றன, பாலம் வேலை செய்கிறது! நடுவில் இருப்பவர் கிளாஸ்கோவில் படித்துவிட்டு இவர்களிடம் வேலை பார்த்த ஜப்பானிய இன்ஜினியர் கைச்சி வத்தனாபே. ஒரு பாலத்தின் மொத்தப் பாரத்துக்கும் நடித்துக் காட்டிய ஒரே ஆள்!

கனடாவின் கியூபெக் பாலத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் எங்கள் அறையில் சிரிப்பு நின்றுவிடும். இதுவும் அதே வகைப் பாலம்தான். நடு இடைவெளியை 1,600 அடியிலிருந்து 1,800 அடிக்கு நீட்டினார்கள், கூடிப்போன எடைக்கு ஏற்பக் கணக்கைச் சரியான காலத்தில் திருத்தவில்லை. கீழ் விளிம்பின் அமுக்க உறுப்பு ஒவ்வொன்றும் நான்கு தகட்டுச் சுவர்களை லேஸிங் என்கிற சாய்வுப் பட்டைகளால் பின்னிச் சேர்த்தது. 1907 ஆகஸ்டில் அவற்றில் ஒன்று 2 அங்குலத்துக்கும் மேல் வளைந்திருப்பதை அளந்து பார்த்தார்கள். வளைந்தது இப்போதா, ஆலையிலிருந்து வரும்போதேவா என்று வாதம் நடந்தது. தளத்து இன்ஜினியர் நார்மன் மெக்லூர் ஆலோசகர் தியோடர் கூப்பரைப் பார்க்க நியூயார்க்குக்கு ரயிலேறினார். அவர்கள் சந்தித்த அதே ஆகஸ்ட் 29 மாலை பாலம் விழுந்தது. 75 தொழிலாளர்கள் இறந்தார்கள். தகடுகள் போதாததைவிட, அவற்றைச் சேர்த்துப் பிடித்த லேஸிங் மெலிவாக இருந்ததுதான் பெரிய குறை என்று விசாரணை கண்டது. இன்றைக்கு லேஸிங் போடும்போது, தூணின் சுமையில் 2.5 சதவீதத்தைக் குறுக்கு விசையாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது நம் தரநூல். நாங்கள் அந்த வரியைத் தாண்டிப் போவதில்லை.

மறுபடி நம் கொட்டகைக்கு வருவோம், கடைசித் திருப்பம் பாக்கி இருக்கிறது. இதுவரை பாரம் கீழ்நோக்கி என்றே பேசினோம். சென்னைக்குத் தரநூல் தருகிற காற்றுவேகம் வினாடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கிலோமீட்டர். சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ அழுத்தம். கூரைத் தகரத்தின் எடையோ சதுர மீட்டருக்கு ஐந்தாறு கிலோதான்! 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தபோது சென்னையில் இருந்தவர்களுக்கு மேலே விளக்கம் வேண்டாம். காற்று கூரையை மேலே உறிஞ்சுகிறது. ஷட்டர் திறந்து கிடந்தால் உள்ளே புகுந்ததும் சேர்ந்து தள்ளுகிறது. அந்தக் கணத்தில் டிரஸ் முழுக்கக் கட்சி மாறுகிறது! இவ்வளவு நாள் இழுபட்டுக்கொண்டிருந்த கீழ் விளிம்பு அமுங்க ஆரம்பிக்கிறது. மேல் விளிம்பைப் பர்லின்கள், அதாவது தகரத்தைத் தாங்குகிற குறுக்குச் சட்டங்கள், வரிசையாகப் பிடித்திருக்கின்றன. கீழ் விளிம்பைப் பக்கவாட்டில் பிடிக்க நாதியில்லை. மூட்டுக்கு மூட்டு இரண்டரை மீட்டர்தானே என்று நினைத்தால், பக்கவாட்டில் அதன் நீளம் சுவருக்குச் சுவர் முழு 20 மீட்டர்! அதனால்தான் கூரைக்கு அடியில் டிரஸ்ஸுக்கு டிரஸ் குறுக்காக ஓடுகிற சில மெல்லிய குச்சிகளைப் பார்ப்பீர்கள். வருடம் முழுக்க வெட்டியாகத் தொங்குகிறவர்கள். செலவைக் குறைக்கச் சொல்லி யாராவது சிவப்பு மையால் அடித்தால் முதலில் அடிபடுவதும் அவர்கள்தான், முதலில் நான் சண்டைக்குப் போவதும் அவர்களுக்காகத்தான். தரநூலும் இந்த இரட்டை வாழ்க்கையை அறியும். நீளத்துக்கும் மெலிவுக்குமான விகிதம் நெரிபடுகிறவனுக்கு 180-ஐத் தாண்டக்கூடாது. இழுபட மட்டும் பிறந்தவன் 400 வரை போகலாம். காற்று வந்தால் நெரிபடக்கூடிய கூரை இழுவைக்காரனுக்கு 350.

இதையெல்லாம் நிஜ அளவில் பார்க்க ஆசையா? மின்கோபுரங்கள் முழுக்க ஆங்கிள்தான், காற்று எந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம் என்பதால் ஒவ்வொரு காலும் இரண்டு வேடத்துக்கும் தயாராக இருந்தாக வேண்டும். சென்னையில் மத்திய அரசின் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையமான எஸ்.இ.ஆர்.சி.க்கு ஒரு கோபுரச் சோதனை நிலையம் இருக்கிறது. பொம்மை இல்லை, முழுக் கோபுரத்தையே நிறுத்தி, கம்பிவடங்களால் படிப்படியாக இழுத்துப் பார்ப்பார்கள். வடிவமைத்த சுமை நூறு சதவீதத்தையும் தாங்கி நின்றுவிட்டால் தேர்ச்சி. சில சமயம் அதோடு விடாமல், விழுகிறவரை இழுப்பதும் உண்டு. அப்படி ஒரு நாள் அங்கே நிற்க வாய்ப்புக் கிடைத்து, எது முதலில் போகும் என்று டீக்குப் பந்தயம் கட்டினால் நம் ஐந்து டன்னையும் பதினேழு டன்னையும் நினைத்துக்கொள்ளுங்கள். வடம் எந்தப் பக்கம் இழுக்கிறதோ, அந்தப் பக்கத்துக் காலின் மேல் பணம் வையுங்கள்.